என் கையெழுத்தில் வந்த உன் கடிதங்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் சௌக்கியம். இடது காது மட்டும் சௌக்கியமில்லை, அது உனக்குத் தெரிந்த பழைய கதை. வலது காதும் இப்போது இடதுக்குத் துணை போகப் பார்க்கிறது. போன மாதம் நீ போன் செய்தபோது நீ ஒன்று கேட்க, நான் ஒன்று சொல்ல, கடைசியில் இரண்டு பேரும் 'சரி சரி' என்று வைத்துவிட்டோம். எனக்குக் கடிதம்தான் தோது. ஒரே கடிதத்திடம் எத்தனை முறை வேண்டுமானாலும் 'என்ன சொன்னே?' என்று கேட்கலாம், அது சலித்துக்கொள்ளாது.

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டு முகவரிக்கு எழுதினால் தபால் தொலைந்துபோகிறது, அலுவலகத்துக்கே எழுது என்று சொல்லியிருந்தாய். அப்படியே செய்திருக்கிறேன். அவருடைய முதுகு வலி இப்போது எப்படி? நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், நல்ல நாற்காலியாக மாற்றிக்கொள்ளச் சொல்.

உன் கடிதம் வந்த கூத்தைச் சொல்ல வேண்டும். கவரைப் பிரித்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று என்னுடைய கையெழுத்து! நான் எப்போது என் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன், அவள் போய்ச் சேர்ந்து எத்தனை வருஷம் ஆகிறது, அது யார் கையில் சிக்கி இப்போது எனக்கே திரும்பி வந்திருக்கிறது என்று ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டேன். அடுத்த வரியில் உன் அலுவலகக் கதை வந்த பிறகுதான் விளங்கியது. நீ என் கையெழுத்தை வைத்துச் செய்த அந்த 'இழை' எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறாய். போக்கிரி.

பொய் சொல்லக்கூடாது, அச்சு அசல் என் கைதான். ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று உருவம் வைத்திருப்பதாக முன்பு சொன்னாயே, அதனால் ஒரே வரியில் இரண்டு 'க' வந்தாலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்காமல் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன. எழுத்தின் கடைசியில் வரும் அந்தச் சின்ன வாலைக்கூட விடவில்லை. பேக்கரியில் என்னோடு வேலை செய்கிற மாஸ்டரிடம் காட்டினேன். கேக்கில் பெயர் எழுதுகிற கைக்குத்தான் அந்த வால் வரும் என்று அவருக்குத் தெரியும். பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, முனையில் கடுகளவு வெட்டி, கிரீமைப் பிதுக்கி எழுதுகிறோம். கூம்பைத் தூக்கினால் அந்த இடத்தில் ஒரு வால் நிற்கும். வால் வேண்டாமென்றால் தூக்காமலேயே அடுத்த எழுத்துக்கு ஓடிவிட வேண்டும். அப்படி ஓடி ஓடி, பேனா பிடித்தாலும் என் எழுத்து ஒன்றையொன்று கையைப் பிடித்துக்கொண்டுதான் போகும். 'உங்க பொண்ணு கண்ணுல எதுவும் தப்பாதுக்கா' என்றார் மாஸ்டர். பெருமையாகத்தான் இருந்தது.

நீங்கள் போன முறை வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் என்னை உட்காரவைத்து, கட்டம் போட்ட தாள்களை அடுக்கி, ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லி உயிரை வாங்கினாய். 'யோசிக்காம எழுதும்மா, யோசிச்சா கை நடிக்கும்' என்று அதட்டல் வேறு. மாப்பிள்ளை நடுநடுவே டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். உங்கள் எழுத்தைவிட என் டீ நன்றாக இருக்கிறதா அத்தை என்று கேட்டார். இரண்டுமே சுமார்தான் என்றேன். அந்த நாலு நாளும் வீட்டில் உட்கார இடமில்லாமல் தாளாகக் கிடந்தது. இப்போது வீடு மிகவும் சுத்தமாக இருக்கிறது.

உன் 'இழை' எங்கெல்லாம் போய்விட்டது தெரியுமா? போன வாரம் ஒரு சோப்பு வாங்கினேன், உறையின் மேல் 'மென்மை' என்று நான் எழுதியிருக்கிறேன். பேக்கரிக்கு வந்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் முன்பின் தெரியாத ஒரு பையனையும் பெண்ணையும் நான் வாழ்த்தியிருக்கிறேன். பல் டாக்டர் அறை வாசலில் 'அமைதி காக்கவும்' என்று என் கையெழுத்து. நான்! அமைதி காக்கச் சொல்கிறேன்! அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் அங்கே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பெரிய விளம்பரப் பலகை. அடுக்குமாடி வீடு விற்கிறவர்கள் வைத்தது. 'வீட்டில் உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. அதுவும் நான்தான். வேலை முடிந்து பேருந்து வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். பிறகு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் குளிர்சாதனப் பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருக்கும்.

பாராட்டு முடிந்தது, குறையும் சொல்லிவிடுகிறேன். 'இழை'யில் மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது. பேக்கரி முதலாளி, கேக்கின் மேல் ஒட்டித் தின்னக்கூடிய சர்க்கரைத் தாளில் படம் அச்சடிக்கிற இயந்திரம் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் 'இழை'யில் ஒரு வாழ்த்து அச்சடித்துப் பார்த்தார்கள். கிரீமில் வைத்ததும் ஈரத்தில் மெல்லிய கோடெல்லாம் ஊறிக் கரைந்து, புள்ளிகள் மாயமாகி, பிறந்தநாள் வாழ்த்து மூக்கு வேறு முழி வேறாக நின்றது. கடைசியில் நான்தான் கூம்பை எடுத்து மேலேயே எழுதினேன். என் எழுத்தை நானே திருத்தினேன் என்று மாஸ்டர் அன்று முழுக்கக் கிண்டல். மெல்லியதாக இருப்பது அழகுதான், ஆனால் ஈரம் பட்டால் நிற்க வேண்டாமா? கொஞ்சம் சதை போட்ட மாதிரி ஒன்று செய்.

அடுத்த கடிதத்தைப் பேனாவால் எழுது. உன் கோழிக்கிறுக்கலைப் பார்த்து நாளாகிவிட்டது.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள்.

அம்மா

*

அன்பு மகளுக்கு,

நான் நலமே. உன் கடிதம் வந்தது. இந்த முறை தலை சுற்றவில்லை, பழகிவிட்டது. ஆனால் இதுவும் 'இழை'தான். கவரின் மேல் முகவரிகூட அச்சடித்து ஒட்டியிருக்கிறாய். பேனா விற்கிற கடை உன் ஊரில் இல்லையா?

சதை போட்ட 'இழை'யை முதலாளிக்கு அனுப்பி வைத்ததற்கு நன்றி. அவர் உடனே அச்சடித்துப் பார்த்தார். புள்ளி இருக்கிறது, கோடு நிற்கிறது. கேக் பெட்டி எல்லாவற்றிலும் போடப் போகிறாராம். எனக்கு வேலை போய்விடுமோ என்று நீ கேட்டிருந்தாய். போகாது. இயந்திரத்துக்கு எழுதத் தெரியும், ஒரு குழந்தையின் பெயரை அதன் அப்பா மறந்துபோய் நின்றால் பக்கத்தில் நிற்கிற அம்மாவிடம் கேட்கத் தெரியாது. அது தினமும் நடக்கிறது.

மழை நின்றுவிட்டது, வேலை நன்றாகப் போகிறது, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். சந்தோஷம். 'நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தனியாக அலையாதே, எல்லாம் சரியாகிவிடும்' என்று முடித்திருக்கிறாய். எனக்கு ஏதடி குளிர்? நாள் முழுக்க அடுப்புப் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கிறேன். எது சரியாக வேண்டும்? காதைச் சொல்கிறாயா? அது இனிமேல் சரியாகாது, விட்டுவிடு. மாப்பிள்ளையின் முதுகைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை.

நீ ஏன் பேனாவைத் தொடமாட்டேன் என்கிறாய் என்று யோசித்தேன். உன் கையெழுத்து அசிங்கம் என்று உனக்கே நினைப்பு. அசிங்கம்தான், நான் மறுக்கவில்லை. விடுதியில் தங்கிப் படித்தபோது நீ எழுதிய கடிதங்களைத் தபால்காரர்கூட மெச்சியதில்லை. ஆனால் அந்தக் கிறுக்கலில் நீ இருப்பாய். சந்தோஷமாக இருந்தால் வரி மேலே ஏறும், கடைசிச் சொல் இடமில்லாமல் தாளின் ஓரத்தில் தொங்கும். சண்டை போட்டிருந்தால் பேனா தாளைக் குத்தியிருக்கும். பொய் சொன்னால் மட்டும் எழுத்து அழகாகிவிடும். ஒரு முறை 'நான் நலம், இங்கு ஒன்றும் குறைவில்லை' என்று முத்து முத்தாக எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததும் அடுத்த பேருந்தைப் பிடித்து வந்து பார்த்தால் காய்ச்சலில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறாய். எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். இத்தனை நாள் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

'இழை'யில் வரி ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அது என் கை. என் கையைப் பார்த்து உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

இன்னொரு கதை. மாடி வீட்டு டீச்சர் இருக்கிறாளே, போன வருஷம் நீங்கள் வந்துபோன பிறகு குடிவந்தவள், நல்ல பெண். தபால்காரர் உன் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கொண்டுவந்து கொடுத்தாள். நான் அவள் எதிரிலேயே பிரித்தேன். எட்டிப் பார்த்தவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் கையெழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பிள்ளையின் கேக்கில் எழுதியது நான், மாடிப்படியில் 'சைக்கிள் நிறுத்தாதீர்கள்' என்று வீட்டுக்காரர் சொல்லி எழுதி ஒட்டியதும் நான். 'இது உங்க எழுத்து மாதிரி இருக்கேம்மா' என்றாள். ஆமாம், என் எழுத்துதான், என் பெண் எழுதியது என்றேன். அவள் மெதுவாகத் தலையாட்டினாள்.

சரியாக விளங்கவில்லை போலிருக்கிறது என்று நான் இன்னும் விளக்கினேன். சோப்பு உறையில் இருப்பதும் என் எழுத்து, பல் டாக்டர் வாசலில் இருப்பதும் என் எழுத்து, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அத்தனை பெரிய பலகையில் ஊருக்கே எழுதியிருப்பதும் நான்தான் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், கேட்கிறவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கே உறைத்தது. அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீங்க தனியா இருக்கீங்கல்ல, கஷ்டமாத்தான் இருக்கும்' என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே மூடி போட்ட பாத்திரத்தில் சூடான சாப்பாடு வந்தது. மறுநாளும் வந்தது. நான் தனக்குத்தானே கடிதம் எழுதித் தபாலில் சேர்க்கிற கிழவி என்று முடிவு செய்துவிட்டாள். சாப்பாடு ருசியாகத்தான் இருக்கிறது, அதனால் கொஞ்ச நாள் பைத்தியமாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

சிரிக்கிறாயா? நானும் சிரித்தேன். ஆனால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தபோது தோன்றியது. இந்த வீட்டுக்கு உன் பெயர் சொல்லி ஒருவரும் வருவதில்லை. உன் குரல் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. வருகிற கடிதமும் என் கையெழுத்தில் இருக்கிறது. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று டீச்சரிடம் நிரூபிக்கச் சொன்னால் எதைக் காட்டுவேன்?

பேனாவால் எழுது. இரண்டு வரி போதும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள்.

அம்மா

*

அன்பு மகளுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், வேலைக்குக் கிளம்ப வேண்டும். டீச்சர் போய் வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் பழங்களோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, இன்று என்ன கிழமை என்று என்னைக் கேட்டார்கள். நான் கிழமையைச் சொல்லி, இந்த மாதம் அவர் சரிசெய்து தருவதாகச் சொன்ன குழாய் இன்னும் ஒழுகுவதையும் சொன்னேன். ஞாபக சக்தியில் குறை ஒன்றும் இல்லை என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

ஆனாலும் விடவில்லை. 'நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாருகிட்டம்மா சொல்றது' என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். உன் எண்ணைக் கொடுத்தேன். அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை என்றார். வேலையில் இருந்திருப்பாய். வாடகை ஒப்பந்தத்தில் மாப்பிள்ளையின் எண் இருக்கிறது, அவருக்குப் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நீயே வீட்டுக்காரருக்கு ஒரு போன் செய்துவிடு. அம்மா தெளிவாகத்தான் இருக்கிறாள் என்று உன் வாயால் சொல்லிவிடு. ஊர் வாய்க்கு மென்று தின்ன என்னைத்தானா கொடுக்க வேண்டும்?

அம்மா

*

என் கண்ணு,

இதை நிதானமாக எழுதுகிறேன். இன்று விடுமுறை. ஜன்னல் பக்கம் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன், முதலில் அதைத் தெரிந்துகொள்.

வீட்டுக்காரர் என் எதிரில்தான் மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். டீச்சரும் இருந்தாள். எனக்குக் கேட்காது என்பதால் நான் அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் முதலில் சிரித்துப் பேசினார். பிறகு 'அப்படியா, அப்படியா' என்று உதடு அசைந்தது. பிறகு அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்க்க ஆரம்பித்தார். போனை வைத்ததும் என்ன சொன்னார் என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை, சரியாகக் கேட்கவில்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாத மனிதர். குழாயை அன்றே ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டார். அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

மீதியை டீச்சர் தனியாக வந்து சொன்னாள். என் வலது காதில் வாயை வைத்து, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், 'அவங்க பிரிஞ்சு எட்டு மாசம் ஆகுதாம்மா, இப்ப எங்க இருக்காங்கன்னு அவருக்கே தெரியாதாம்' என்றாள். சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவள் மாடிக்குப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நானும் அழுதேன். உன்மேல் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம் சொல்லாமல், மழை நின்றுவிட்டது என்று எழுதுகிறாளே என்று வந்தது. அந்தக் கோபம் தீர்ந்துவிட்டது. தீராவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன்.

என்ன நடந்தது, யார்மேல் தப்பு என்று நான் கேட்கப் போவதில்லை. நீயாகச் சொன்னால் கேட்பேன், அதுவும் வலது பக்கம் உட்கார்ந்து சொன்னால்தான் கேட்கும். மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். எனக்கு டீ போட்டுக் கொடுத்த பிள்ளை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இந்த எட்டு மாதத்தில் நீ அனுப்பிய கடிதங்களை எல்லாம் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். எல்லாம் என் கையெழுத்து. 'நன்றாகச் சாப்பிடுகிறேன். வேலை நன்றாகப் போகிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.' 'நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் தனியாக அலையாதே. எல்லாம் சரியாகிவிடும்.' ஒவ்வொன்றாகப் படித்தேன். இதெல்லாம் நான் உன்னிடம் சொல்கிற பேச்சல்லவா? இங்கே குளிரே கிடையாது. குளிர் உன் ஊரில். தனியாக அலைகிறது நீ.

எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது, நான் வேகமான ஆள் இல்லை. ஒரு சின்ன அறையில் நீ உட்கார்ந்திருக்கிறாய். ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. கணினியைத் திறந்து, 'இழை'யை எடுத்து, எல்லாம் சரியாகிவிடும் என்று அடிக்கிறாய். திரையில் அது அம்மா எழுதியது மாதிரித் தெரிகிறது. அதை ஒரு முறை படித்துக்கொள்கிறாய். பிறகு கவரில் போட்டு எனக்கு அனுப்புகிறாய். தனக்குத்தானே கடிதம் எழுதிக்கொள்கிறவள் என்று டீச்சர் என்னைச் சந்தேகப்பட்டாள். அவள் சந்தேகப்பட்டது சரி, ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டாள்.

இதற்காக வெட்கப்படாதே. என் எழுத்தைப் பார்த்தால் உனக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது என்றால் வைத்துக்கொள், உனக்காகத்தானே நாலு நாள் கை வலிக்க எழுதினேன். ஆனால் அந்த எழுத்துருவில் என் கை மட்டும்தான் இருக்கிறது. அது பதில் சொல்லாது. நீ சாப்பிடவில்லை என்று நீ எழுதினால், 'ஏன் சாப்பிடல?' என்று திருப்பிக் கேட்காது. நான் கேட்பேன். கேட்டுக் கேட்டு உன்னை எரிச்சல்படுத்துவேன். அதற்குத்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் வானொலியைச் சத்தமாக வைக்கிறேன், அதுவும் எனக்குப் பாதிதான் கேட்கிறது. நீ அங்கே ஓர் அறையில், நான் இங்கே ஓர் அறையில், இரண்டு பேரும் நலம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். இதில் யாருக்கு என்ன லாபம்?

வா என்று சொல்லமாட்டேன். வேலை இருக்கிறது, உன் வாழ்க்கை அங்கே இருக்கிறது, தோற்றுப்போய்த் திரும்பினாள் என்று யாராவது சொல்வார்களோ என்று உனக்கு இருக்கலாம். ஆனால் வந்தால், யாருக்கும் எந்த விளக்கமும் சொல்ல வேண்டியதில்லை. உன் அறையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கொடியை அவிழ்த்துவிட்டேன். மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். டீச்சரிடம், என் பெண்ணைக் காட்டுகிறேன் என்று சவால் விடவில்லை. அவள் இப்போது என்னை நம்புகிறாள். நேற்று அவளே பேருந்து நிறுத்தத்தில் நின்று அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, அந்த வால் அப்படியே உங்கள் வால்தான் என்று சொன்னாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு வெள்ளைத் தாளும் ஒரு காலிக் கவரும் வைத்திருக்கிறேன். பேனாவால் எழுது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றால் தாளை அப்படியே வெறுமையாக மடித்துக் கவரில் போடு, நான் ஏன் என்று கேட்கமாட்டேன். கவரின் மேல் என் முகவரியை மட்டும் உன் கையால் எழுது. வேறொன்றும் வேண்டாம். அந்த மூன்று வரியைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

முதலாளியிடம் நீண்ட விடுப்பு வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். 'எப்பலேருந்து?' என்று கேட்டார். தபால் வரட்டும் என்றேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி, அதற்கு மேல் எனக்கு ஆசி தெரியாது. நிறையச் சாப்பிடு, கொஞ்சம் தூங்கு. கவரில் உன் எழுத்து கோணலாக இருந்தால் நான் கிளம்பி வருவேன். முத்து முத்தாக இருந்தால் அன்றைக்கே கிளம்பி வருவேன்.

உன்
அம்மா